மாப்பிள்ளைக்காக வாங்கிய கோழிகள்

என் மாமியார் வீட்டில் நான் சாப்பிட்ட தட்டை நானே எடுத்துப்போய்க் கழுவும் உரிமை எனக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. அதற்கு ஐந்து பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் பாடுபட வேண்டியிருந்தது.

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. பென்னாகரத்துக்குப் பக்கத்தில், அவளுடைய சொந்த ஊரிலிருந்து ஸ்கூட்டரில் போய்வருகிற தூரத்தில் இருக்கும் பள்ளிக்கு அவளுக்கு மாறுதல் கிடைத்தது. எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. நெட் கிடைக்கிற இடமெல்லாம் ஆபீஸ்தான். சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு அவளுடைய அப்பா அம்மா வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டாயா என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. "ஏன்டா இப்படிப் பண்ணே?" என்று என்னைக் கேட்க உலகத்தில் ஆளில்லாமல் போயிருந்தது. பெரியவர்கள் குரல் கேட்கிற ஒரு வீட்டில் மறுபடியும் இருக்கலாம் என்று ஆசையாகத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் குரல் கேட்கும், ஆனால் என்னைக் கேள்வி கேட்காது.

நான் கூடத்துக்குள் வந்தால் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். நான் உட்காரும்வரை அவர் உட்காரமாட்டார். அவர் உட்காரும்வரை நான் உட்காரமாட்டேன். இரண்டு பேரும் பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவர்களைப் போல நின்றுகொண்டிருப்போம். மாமியார் என் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கதவுக்குப் பின்னால் பாதி முகம் தெரிய நின்று, "சாப்புட வரீங்களாங்க மாப்ள?" என்பார். தண்ணீர் நானே மொண்டு குடித்தால் பதறுவார். நான் எதைச் சொன்னாலும் சரி. மழை வரும் என்றால் "ஆமாங்க", வராது என்றால் "அதுவும் சரிங்க". விருந்தாளியாக இரண்டு நாள் இருப்பது சுகம். மாதக்கணக்கில் இருந்து பார்த்தால்தான் அதன் கொடுமை தெரியும்.

மனைவியிடம் முறையிட்டேன். அவள் பரீட்சைத் தாள்களிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க அவங்களுக்கு மாப்ள. அப்டித்தான் இருப்பாங்க. செத்த அனுபவிங்களேன்" என்றாள்.

இந்த மரியாதையின் உச்சம் கோழி. எங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து நான் அந்த ஊருக்குப் போன ஒவ்வொரு முறையும் ஒரு கோழி உயிரை விட்டது. காலும் ஈரலும் என் இலையில் விழும். மாப்பிள்ளை வந்தால் கோழி அடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் அது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். இப்போது மாப்பிள்ளை வந்துவிட்டுப் போகவே இல்லை என்றால் என்ன செய்வது என்று மாமியார் குழம்பியிருக்க வேண்டும். அவர் கண்டுபிடித்த வழி, ஒரு செவ்வாய்க்கிழமை சந்தையிலிருந்து ஆறு கோழிகளாக வந்து இறங்கியது. "வூட்ல மாப்ள இருக்காரு. கைக்கு எட்டுற மாதிரி கோழி இருக்கட்டும்" என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

புதிதாக வந்த கோழி வீட்டை விட்டு ஓடாமல் இருக்க அதை அடுப்பைச் சுற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இப்போது அடுப்பு சமையல் மேடைமேல் சுவரை ஒட்டி இருக்கிறது, சுற்றுவதற்கு வழியில்லை. மாமியார் யோசித்துவிட்டு, சமையலறை மூலையில் இருந்த கேஸ் சிலிண்டரை நடுவில் இழுத்துப் போட்டு, ஒவ்வொரு கோழியையும் கையில் ஏந்தி அதைச் சுற்றி வந்தார். கோழிகள் சிலிண்டரை மிகுந்த மரியாதையோடு பார்த்தன. நான் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்ததில், சிரிப்பை அடக்கமுடியாமல் இருமவேண்டியதாயிற்று.

அன்று மாலையே நான் ஒரு தவறு செய்தேன். எனக்காகக் கோழியை அடிக்க வேண்டாம், வளர்ப்போம், முட்டை சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டேன். "அப்டீங்களா மாப்ள? சரிங்க" என்றார் மாமனார். மாமியார் முகத்தில் ஒரு நிமிடம் என்னவோ ஓடி மறைந்தது. பகலில் இருவரும் நிலத்துக்குப் போய்விடுவார்கள், மனைவி பள்ளிக்கு. கோழிகளோடு வீட்டில் இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே, கோழி வளர்ப்பில் ஒரு பாடமும் படிக்காத நான் அந்த வீட்டின் கோழிப்பண்ணை மேலாளர் ஆனேன்.

போனில் வீடியோ பார்த்தே எதையும் கற்றுக்கொள்ளலாம் என்று நம்புகிற ஆள் நான். ஆனால் கோழிகள் அந்த வீடியோக்களைப் பார்த்திருக்கவில்லை.

முதலில் சேவல். நான் தீனி போடக் குனிந்தபோது, பின்னாலிருந்து பறந்து வந்து என் கெண்டைக்காலில் ஒரு உதை விட்டது. கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் என்னை எதிர்த்த முதல் உயிர் அதுதான் என்று எனக்கு அதன்மேல் உள்ளூர ஒரு பிரியம் வந்தது. அதற்கு நான் யாருடைய மாப்பிள்ளை என்பது தெரியாது.

பெட்டைகளில் கருப்பிதான் தலைவி. தீனித் தட்டில் அது முதலில் வாய் வைக்கும். மற்றவை அதற்குப் பின்னால், ஒரு ஒழுங்கில். கடைசியில் நிற்பது சாம்பல் நிறக் கோழி. அது தட்டுக்கு அருகில் வந்தாலே யாராவது ஒருவர் தலையில் ஒரு கொத்து வைப்பார்கள். அநியாயத்தைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. சாம்பலுக்குத் தனிக் கிண்ணத்தில் கோதுமையும் தேங்காய்த் துருவலும் வைத்து, அது தின்று முடிக்கும்வரை கையில் குச்சியோடு காவல் நின்றேன். நான் உள்ளே போனதும் மற்ற நான்கும் சேர்ந்து அதைப் பின்னியெடுத்தன. நான் இன்னும் அதிகமாகக் கவனித்தேன். அவை இன்னும் அதிகமாகக் கொத்தின. மாமியார் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு மகளிடம் சொன்னது, "மாப்ளைக்கு எவ்ளோ எரக்கம் பாரு" என்பதுதான். நான் கொடுக்கும் சலுகையால்தான் அதற்கு அடி விழுகிறது என்று அவருக்கு முதல் நாளே தெரியும்.

அடுத்தது கூடு. பழைய பிளைவுட், கம்பி வலை எல்லாம் சேர்த்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பாடுபட்டு ஒரு கூடு செய்தேன். கதவு, தாழ்ப்பாள், உள்ளே வைக்கோல் மெத்தை, ஏறிவர ஒரு குட்டி ஏணிகூட உண்டு. பொழுது சாய்ந்ததும் ஆறு பேரும் கூட்டைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, வாடகை கட்டுப்படியாகாது என்பது போலத் திரும்பிப் போய் வேப்பமரத்தில் ஏறிக்கொண்டார்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கினேன். மறுநாளும் அப்படியே. மாமனார் வயலிலிருந்து வந்த களைப்போடு, ஒன்றும் சொல்லாமல் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். மாதக்கணக்கில் ஒவ்வொரு சாயங்காலமும் அந்த மனிதர் ஸ்டூலைப் பிடித்தார்.

இதற்கெல்லாம் சிகரம் வைத்தது ஆஸ்பத்திரி விவகாரம். ஒருநாள் காலை, மீட்டிங்குக்கு நடுவில் ஜன்னல் வழியே பார்க்கிறேன், கருப்பி மண்ணில் ஒருக்களித்துக் கிடக்கிறது. கால் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு சிறகு விரிந்து துடிக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. வலிப்பு! மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மாமனார் அன்று வீட்டில் இருந்தார். "மாமா, கோழி சாகப் போகுது!" என்றேன். அவர் வந்து பார்த்தார். கருப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியை இறக்கிவிட்டார். "அப்டீங்களா மாப்ள? ஆஸ்பத்திரி போயிறலாமுங்க" என்றார். கருப்பியை வயர்கூடையில் போட்டு என் மடியில் வைத்தார். டிவிஎஸ் வண்டியில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பென்னாகரம் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியில் எதிர்ப்பட்ட தெரிந்தவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். "மாப்ள கோழிக்கு ஒடம்பு சரியில்லைங்களாம்" என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். கூடையிலிருந்து தலையை நீட்டி ஊரைப் பார்த்துக்கொண்டு வந்த கருப்பியின் முகத்தில் நோயின் சாயலே இல்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். நான் அறிகுறிகளையெல்லாம் சொல்லி, கையையும் காலையும் இழுத்து நடித்தும் காட்டினேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். பிறகு, "சார், அது மண்ணுல குளிச்சிருக்கு. இறகுக்குள்ள இருக்கிற செல்லு, பேனு எல்லாம் போறதுக்குக் கோழி தினமும் அப்படித்தான் பண்ணும்" என்றார். பின்னால் வரிசையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

வெளியே வந்து, "உங்களுக்குத் தெரியாதா மாமா?" என்றேன்.

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

அவர் வண்டியின் ஸ்டாண்டை எடுத்தபடியே, உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "மாப்ள சொல்லும்போது நாம எப்டீங்க எதுத்துப் பேசறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது என்றால்கூடத் தவறில்லை. தன் மகனாக இருந்தால், கோழியைப் பார்த்ததுமே தலையில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பியிருப்பார். எனக்கு அந்தத் தட்டு கிடைக்கவில்லை. பத்து கிலோமீட்டர் மரியாதைதான் கிடைத்தது.

அன்றைக்குப் பிறகு நான் வீடியோ பார்ப்பதை நிறுத்திவிட்டு, கோழிகளைப் பார்க்கத் தொடங்கினேன். கற்றுத்தர ஆளில்லை என்றால் வேறு வழி? லேப்டாப்பைப் பின்கட்டு ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். முட்டை வைக்கப் போகும் கோழி ஒரு மணி நேரம் வீட்டு மூலை முடுக்கெல்லாம் புலம்பிக்கொண்டு அலையும் என்று கற்றேன். வைத்து முடித்ததும் கொக்கரிக்கும். உடனே மற்றவையும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கச்சேரி என் மைக்கில் போய், பெங்களூரிலிருக்கும் என் மேலாளர், "வாழ்த்துச் சொல்லிவிடுங்கள்" என்று சொல்லுமளவுக்குப் பிரபலமாயிற்று. சேவல் தனக்குக் கிடைத்த புழுவைத் தின்னாமல் கொத்திக் கொத்திப் போட்டு, பெட்டைகளைக் கூப்பிட்டுக் கொடுக்கும். என்னை உதைக்கிற அதே சேவல்தான்.

செவலைக் கோழி மட்டும் முட்டை வைப்பதை நிறுத்தியிருந்தது. பகலில் ஆளையே காணோம். நான் டீ குடிக்கிற நேரத்துக்கு ஒருமுறை, எங்கிருந்தோ உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு ஓடிவரும். யாரைப் பார்த்தாலும் சண்டைக்கு வருகிற மாதிரி குர்ரென்று உறுமும். தீனியை அள்ளி விழுங்கும், தண்ணீர் குடிக்கும், அவசர அவசரமாக ஒரு மண்குளியல், அப்புறம் மாயம். கருப்பிகூட அதற்கு வழிவிட்டு ஒதுங்கியது. எங்கேயோ முட்டைகளைச் சேர்த்து வைத்து அடை படுத்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நானாகக் கண்டுபிடித்த முதல் விஷயம். எனக்கு ஒரே பெருமை.

பின்தொடர்ந்து பார்த்தேன். அது என்னைவிடக் கெட்டிக்காரி. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் அடை படுத்த இடத்துக்குப் போகவே போகாது. சும்மா ஒரு இடத்தில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டு, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தபடி இருக்கும். எனக்கு மீட்டிங் வந்துவிடும்.

ஆடி பிறந்தது. என் மனைவியின் தங்கைக்கு அந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் ஆடி, பதினெட்டாம் பெருக்குக்கு மாப்பிள்ளை விருந்து. ஒரு வாரத்துக்கு முன்பே வீடு பரபரத்தது. மாமியார் சமையலறையில் என் மனைவியிடம், "அந்தச் செவலைய அடிச்சிரலாம். முட்டையும் வெக்கறதில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்வது என் காதில் விழுந்தது.

நான் வாசற்படியிலேயே நின்று, "வேண்டாம் அத்தை. அது எங்கயோ அடை படுத்திருக்கு" என்றேன்.

"அப்டீங்களா மாப்ள? சரிங்க" என்றார் மாமியார்.

அந்தச் "சரிங்க"வை நான் நம்பத் தயாராக இல்லை. வலிப்புக்கும் இதே "அப்டீங்களா மாப்ள?"தான் கிடைத்தது. நான் சொன்னது உண்மை என்பதற்காக ஒத்துக்கொண்டாரா, நான் மாப்பிள்ளை என்பதற்காகவா? அந்த வீட்டில் நான் சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் ஒரே பதில்தான் என்றால், நான் அங்கே இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முட்டைகளைக் கண்ணால் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மீட்டிங் இல்லை. மாட்டுக்கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டு காத்திருந்தேன். செவலை வழக்கம்போலத் தின்று, குடித்து, குளித்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு நேராகப் போனது ராகித்தாள் போருக்கு. அந்தப் போர் மாமனாரின் பெருமை. ராகி அறுத்த தாளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, மழைத்தண்ணீர் வழிந்தோட மேலே கூரை போலச் சரித்து, காற்றுக்குப் பறக்காமலிருக்கக் குறுக்கே கயிறு போட்டு, கயிற்றின் இரண்டு முனையிலும் கருங்கல் கட்டித் தொங்கவிட்டிருப்பார். மாடுகளுக்கு வருடம் முழுக்க அதுதான் தீனி. போரின் பின்பக்கம், தோள் உயரத்தில், கயிறு ஓடுகிற இடத்தில் ஒரு பொந்து. செவலை எம்பி உள்ளே நுழைந்தது.

நான் போய்க் கையை விட்டேன். ஒரு கொத்து விழுந்தது. கயிறு வேறு குறுக்கே நின்று மறைத்தது. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் தாளை விலக்கி முட்டைகளை எல்லாருக்கும் காட்டலாம். ஒரு கல்லை அவிழ்த்தேன். அப்படியும் வழிவிடவில்லை. அடுத்ததையும் அவிழ்த்தேன். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால், தூரத்தில் மாமனார் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தது எனக்குக் கேட்கவில்லை.

அது ஆடி மாதம் என்பது எனக்கு விருந்து சம்பந்தமாக மட்டுமே ஞாபகம் இருந்தது. காற்று சம்பந்தமாக இல்லை.

ஒரே வீச்சுதான். போரின் தலை அப்படியே எழுந்து நின்றது, பிறகு பிரிந்தது. தாள் கொட்டகை மேல் பறந்தது, ரோட்டைத் தாண்டிப் பறந்தது, கரண்டுக் கம்பியில் தோரணமாகத் தொங்கியது, பக்கத்து நிலத்துக் கடலைச் செடிகள்மேல் மெத்தை விரித்தது. செவலை அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கத்தல் கேட்டு மாமியாரும் என் மனைவியும் ஓடி வந்தார்கள். நான் கையில் ஒரு கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் தாளோடு நின்றேன்.

மாமனார் வந்து சேர்ந்தார். மூச்சிரைத்தது. வேட்டி மடித்துக் கட்டியது கட்டியபடியே இருந்தது.

"அறிவு இருக்குதா உனுக்கு?" என்றார். "ஆடிக்காத்துல போருக் கயித்த அவுப்பானா ஒருத்தன்? கூப்புட்றன், கூப்புட்றன், காதுல அந்தக் கருமத்த மாட்டிக்கிட்டு நிக்கற! மாட்டுக்கு நீயா தீனி போடுவ? கோழி பின்னாடியே சுத்திச் சுத்திப் புத்தியும் கோழி மாதிரி ஆயிப்போச்சு! நிக்கிறான் பாரு... போயிப் பொறுக்குடா!"

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். மாமனாருக்கும் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் கை மெல்ல மடித்த வேட்டியின் பக்கம் போயிற்று.

"பொறுக்கறேன் மாமா!" என்று கத்திவிட்டு, அவர் வேட்டியை இறக்குவதற்குள் ரோட்டைப் பார்த்து ஓடினேன்.

ஓடும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருடமாயிற்று என்னை ஒருவர் இப்படித் திட்டி! கடலைச் செடிகளுக்கு நடுவில் தாளைப் பொறுக்கி அணைத்துக்கொண்டு நின்றபோது கண் கலங்கியது. தாளின் தூசி என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பின்னாலேயே வந்த மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "திட்டு வாங்கிட்டு இப்டிச் சிரிக்கிற ஆள நான் பார்த்ததே இல்ல" என்று அவளும் சிரித்தபடி பொறுக்கத் தொடங்கினாள்.

கலைந்த போரின் நடுவில் முட்டைகள் இருந்தன. இரண்டு உடைந்துபோயிருந்தன. மற்றவை பத்திரம். மாமியார் ஒரு கூடையில் மணலைப் பரப்பி, முட்டைகளை வைத்து, இடி இடித்தால் கெட்டுப்போகாமலிருக்க ஒரு கரித்துண்டும் ஒரு ஆணியும் போட்டார். என்னைப் பார்த்து, "அடை படுத்திருக்குன்னு சொன்னீங்களே, நெசந்தான்" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "எங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன். தாள் எடுக்கப் போனப்பவே பாத்துட்டேன். அடைக்கோழின்னா என்ன, மத்ததெல்லாம் முட்டை வெக்குதே, விருந்துக்கு இதுதானே மிச்சம்னுதான் அப்டிச் சொன்னேன்" என்றார். அவர் என்னிடம் இத்தனை வார்த்தைகள் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. செவலை கொஞ்ச நேரம் எல்லாரையும் முறைத்துவிட்டு, கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் மாமனார் வந்தார். வேட்டி இறக்கிவிட்டிருந்தது. "மாப்ள, ஏதோ கோவத்துல வாய் தவறிப் போச்சுங்க..." என்று இழுத்தார்.

"மாமா, இனிமே என்கிட்ட மரியாதையா பேசினீங்கன்னா மிச்சக் கயித்தையும் அவுத்துடுவேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு அவருடைய வயிறு முதலில் குலுங்கியது, சிரிப்புச் சத்தம் பின்னால்தான் வந்தது. சிரித்து முடித்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு மாட்டுத் தண்ணித்தொட்டி கழுவணும். வெள்ளனவே எந்திரிச்சு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சில நாட்களில், அவர்கள் இத்தனை காலமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக என் தலையில் கொட்டியது. கூட்டுக்குள்ளேயே உயரத்தில் ஒரு கொம்பு கட்டினால் கோழி தானாக ஏறிக்கொள்ளுமாம். அது எப்போதும் மேலே இருக்கிற இடத்தைத்தான் தேடுமாம். "அத முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க ஸ்டூலைப் புடிச்சிருக்க வேண்டாமே மாமா" என்றேன். "மாப்ள கட்டுன கூட்டுல நாம கைய வெக்கறதா?" என்றார். சாம்பலுக்குக் கொடுத்த தேங்காய்த் துருவலை நிறுத்தச் சொன்னார் மாமியார். நிறுத்தினேன். கொத்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதைச் சொல்லும்போது அவர் என் எதிரில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் அதைக் கவனிக்காதவனைப் போல நானும் உட்கார்ந்து ஒரு பிடியை எடுத்து ஆய்ந்தேன். "நார எடுக்காம போடறீங்களே" என்று அதற்கும் ஒரு குட்டு விழுந்தது.

ஆடிப் பதினெட்டு அன்று விருந்துக் கோழி சந்தையிலிருந்து வந்தது. வாங்கி வந்தவன் நான். புது மாப்பிள்ளை ஜரிகை வேட்டியில் பளபளவென்று உட்கார்ந்திருந்தார். மாமனார் அவருக்கு எழுந்து நின்றார். மாமியார் கதவுக்குப் பின்னால் பாதி முகத்தோடு நின்றார். காலும் ஈரலும் புது மாப்பிள்ளை இலைக்குப் போயின. சோறு பரிமாறியவன் நான். "கொழம்பு எங்க? ஒறம்பற வந்திருக்காங்க, இலையப் பாத்து ஊத்து" என்று மாமனார் என்னை அதட்டிக்கொண்டே இருந்தார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறையில் மாமனாரும் நானும் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். எனக்குக் கழுத்துத் துண்டும் இரண்டு உருளைக்கிழங்கும் கிடைத்தன. எத்தனையோ கோழிக்கால் தின்றிருக்கிறேன், அந்தக் கழுத்துக்கு இருந்த ருசி எதற்கும் இருந்ததில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் நானே கழுவினேன். யாரும் பதறவில்லை.

அப்போது பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்த புது மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மாமா! கொஞ்சம் சீக்கிரம் வாங்க. இந்தக் கோழிக்கு வலிப்பு வந்த மாதிரி இருக்கு!"

மாமனாரும் நானும் ஓடினோம். கருப்பி மண்ணில் ஒருக்களித்துக் கிடந்து, காலை இழுத்து, சிறகை விரித்து, கண்ணை அரைவாசி மூடிச் சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தது.

மாமனார் கருப்பியைப் பார்த்தார். புது மாப்பிள்ளையின் பதறிய முகத்தைப் பார்த்தார். மெல்ல வேட்டியை இறக்கிவிட்டார்.

"அப்டீங்களா மாப்ள? ஆஸ்பத்திரி போயிறலாமுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன நிக்கற? வண்டிய எடு" என்றார்.

மாப்பிள்ளை சொல்லும்போது நாம் எப்படி எதிர்த்துப் பேசுவது? வயர்கூடையை எடுக்க உள்ளே போனேன்.